பூதத்துக்கு வைத்த குரல்

என் கணவர் சினிமாவுக்குச் சத்தம் செய்கிறவர். நடிகர்கள் பேசுவதையும் பாடுவதையும் பிடிக்க ஸ்டூடியோவில் வேறு ஆட்கள் இருந்தார்கள். மற்றதெல்லாம் இவர் பொறுப்பு. கதவு சாத்துவது, மழை பெய்வது, கத்தியோடு கத்தி உரசுவது, ஓலைக்கூரை தீப்பற்றுவது. மலாய்ப் பேய்ப் படங்களுக்கு ஜனம் அலைமோதத் தொடங்கிய பிறகு பேயும் பூதமும்கூட இவர் தலையில் விழுந்தன.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம். மலாக்காவில் காஜா பேராங் பக்கம், கம்போங் செட்டியை ஒட்டிய ஒரு பலகை வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அவருக்கு வேலை சிங்கப்பூரில். அதற்கு முன் ஜாலான் பெண்டஹாராவில் ஒரு கடையில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்தார். வெளிப்புறக் காட்சி எடுக்க மலாக்கா வந்த சினிமாக்காரர்களின் மெஷின் ஒன்று ஓடாமல் நின்றுவிட, அதை அந்தக் கடைக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். இவர் பிரித்துப் பார்த்து ஓடவைத்தார். டைரக்டர் இந்தியாவிலிருந்து வந்த தமிழர். "இங்க உட்கார்ந்து ரேடியோவை நோண்டிக்கிட்டு என்னப்பா பண்றே, எங்கூட வா" என்று அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஸ்டூடியோ கொடுத்தது பல பேர் படுக்கும் ஓர் அறையில் ஒரு கட்டில்தான். அதனால் நான் மலாக்காவிலேயே தங்கினேன். லீவு கிடைக்கும் சனிக்கிழமைகளில் அவர் பஸ் ஏறி, மூவாரில் ஃபெரி கடந்து, சாயங்காலம் வந்து சேருவார். சட்டையெல்லாம் புழுதியாக இருக்கும். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் அந்த வாரம் என்ன சத்தம் செய்தார் என்று சொல்லுவார். எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கும். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு, உலகத்தில் இப்படியெல்லாம் ஒரு வேலை உண்டு என்பதே வேடிக்கையாக இருந்தது.

ஒருமுறை பஸ்ஸில் வராமல் டாக்சியில் வந்து இறங்கினார். கூடவே ஒரு பெரிய பெட்டி. டேப் மெஷின். ஸ்டூடியோவில் புதியது வாங்கிவிட்டார்களாம், பழையதைச் சில மாதங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள டைரக்டர் விட்டிருக்கிறார்.

"புதுசா ஒரு பூதப் படம் எடுக்குறோம் புள்ள. ஈயம் தோண்டுன குட்டையிலேருந்து எந்திரிச்சு வருது. உடம்பு ரெடி. நடை இல்ல, மூச்சு இல்ல, குரல் இல்ல. மூணையும் நான்தான் குடுக்கணும்" என்றார்.

உடம்பு என்று அவர் சொன்னது சாக்குத்துணியும் லாரி டயர் டியூப்பும் வைத்துத் தைத்த ஒரு சட்டை. அதற்குள் ஓர் ஆள் புகுந்து நடந்தால் டியூப் உரசும் கிரீச் சத்தம்தான் வருமாம். அதைக் கேட்டு யாரும் பயப்பட மாட்டார்கள், சிரிப்பார்கள்.

அதன் பிறகு எங்கள் வீட்டு அடுப்படி வேறு மாதிரி ஆகிவிட்டது. ஜவ்வரிசி செய்கிற சாகு மாவைத் தண்ணீரில் பிசைந்து எனாமல் பேசினில் போட்டு, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி எடுத்தால் சேற்றில் கால் புதைந்து எழும் சத்தம் வந்தது. அது பூதத்தின் நடை. ஈரச் சாக்கைச் சிமெண்டுத் தரையில் இழுத்தால் அது குட்டையைவிட்டு ஏறி வரும் சத்தம். கரும்பை முறித்தால் மனிதனின் எலும்பு. பலாப்பழத்தைக் கையால் பிய்த்ததை மட்டும் நான் கேட்கமாட்டேன் என்று காதைப் பொத்திக்கொண்டேன். அவ்வளவு அசிங்கமாக இருந்தது. பிறகு அந்தப் பழத்தை இருவரும் சாப்பிட்டோம்.

அந்த மெஷினில் இரண்டு வேகம் உண்டு. "வேகமா புடிச்சத மெதுவா ஓட்டுனா எலியும் யானையாயிரும்" என்பார். உண்மைதான். நான் தேங்காய் துருவுவதைப் பிடித்து மெதுவாக ஓட்டினார். ஏதோ ஒன்று இருட்டில் உட்கார்ந்து பல்லைத் தேய்ப்பது போல இருந்தது. சுதந்திரத் தேதியை அறிவித்த அன்று பண்டார் ஹிலிர் திடலில் கூட்டம் "மெர்டேக்கா" என்று கத்தியதையும் எங்கிருந்தோ ஒரு டேப்பில் வாங்கிவந்திருந்தார். பாதி வேகத்தில் அது கடல் இரைவது போல ஆகிவிட்டது.

நாளடைவில் எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டானது. அவர் மெதுவாக ஓட்டிக் காட்டுவார், அது எதிலிருந்து வந்தது என்று நான் சொல்லவேண்டும். முதலில் தப்புத் தப்பாகச் சொன்னேன். பிறகு தவறவே இல்லை. பக்கத்து வீட்டுச் சைக்கிள் மணி, கோயில் சேகண்டி, பீரிசுத் தட்டில் கரண்டி விழுந்தது, எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். மெதுவாக ஓடினாலும் ஒரு சத்தத்தின் நடை மாறுவதில்லை. எங்கே ஏறுகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே முறிகிறது என்று கவனித்தால் போதும்.

"என் காதைவிட உன் காது நல்ல காது" என்று அவர் சொன்னார். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன்.

குரல்தான் வரவில்லை. மண்ணெண்ணெய்த் தகர டின்னில் தடித்த கம்பியை இழுத்துக் கட்டி, குங்கிலியம் தேய்த்த துணியால் கம்பியை அழுத்தி உருவினார். தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஓர் உறுமல் வந்தது. புக்கிட் பாருவில் சீனர் ஒருவரின் பன்றிக் கொட்டகைக்குப் போய்ப் பன்றிகள் கத்துவதைப் பிடித்துவந்தார். இரண்டையும் கலந்தார். எனக்குக் கேட்கவே நடுக்கமாக இருந்தது. டைரக்டர் கேட்டுவிட்டு வேண்டாம் என்றாராம்.

"என்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"பயம் இருக்கு, பாவம் இல்லைங்கிறாரு. அது குட்டையில கெடந்த சீவன், மனுசன் தோண்டித் தோண்டி அத எழுப்பிட்டான், அது கத்துனா ஜனங்களுக்குக் குலையும் நடுங்கணும், மனசும் எளகணும்ங்கிறாரு. பன்னிய வச்சிக்கிட்டு நான் எப்படி எளக வைக்கிறது?"

அப்போது நான் நிறைமாதம். பக்கத்து வீட்டில் இருந்த செட்டி இனத்துப் பெண்மணிதான் எனக்குத் துணை. அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். தமிழில் சாமிப் பெயர்களும் சில சொந்தமுறைகளும் மட்டும் அவருக்குத் தெரியும். நான் அவரை "காக்" என்று கூப்பிடுவேன், மலாயில் அக்கா என்று அர்த்தம். பாஜு கெபாயாச் சட்டை உடுத்தி, வெற்றிலைத் தட்டோடு மத்தியானம் வந்து உட்கார்ந்தாரென்றால், என் கால் வீக்கத்தைப் பார்த்து இதைத் தின்னு அதைத் தின்னாதே என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

பிரசவத்துக்கு என் கணவர் லீவு எடுத்து வந்திருந்தார். எனக்கு வலி கண்ட காலையில் டேப் மெஷினை முன்னறையில் வைத்து, மைக் ஒயரைப் பலகைச் சுவரின் இடுக்கு வழியாக உள்ளே விட்டார். மலாய் மருத்துவச்சி அதைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"இது என்னாத்துக்கு?" என்று நான் கேட்டேன்.

"புள்ள மொத மொதல்ல அழுவுமில்ல, அதப் புடிக்கணும். அது பெரிசான பெறகு போட்டுக் காட்டலாம். இந்த ஊர்ல எந்தப் புள்ளைக்கும் அது கெடைக்காது."

எனக்கும் அது பிடித்திருந்தது. வலிக்கு நடுவில் சிரித்தது நினைவிருக்கிறது.

ஆண் குழந்தை. முழுசாக, அழகாக இருந்தான். அழவில்லை. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், வாயில் வாய் வைத்து ஊதினாள், காக் ஓடிப்போய்ப் பச்சைத் தண்ணீரும் வெந்நீரும் கொண்டுவந்தார். என்னென்னவோ செய்தார்கள். பிறகு மருத்துவச்சி அவனை ஒரு துணியில் சுற்றி என் பக்கத்தில் வைத்துவிட்டு, கையைக் கழுவப் போனாள். அவள் எடுத்த கிண்டிச் செம்பு நழுவித் தரையில் உருண்டது. அப்போது நான் கத்தினேன் என்று காக் சொன்னார். எனக்கு அது நினைவில்லை. ராசா என்று கூப்பிட்டது மட்டும் நினைவிருக்கிறது. வயிற்றில் இருந்தபோதே அவனை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானமே அவனை எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். என் கணவர் திரும்பிவந்து முன்னறையில் மெஷினின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அழுதார். பலகைச் சுவர் வழியாக எனக்குக் கேட்டது.

படுக்கையிலிருந்து எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு ஒருநாள் அவரிடம் கேட்டேன். "அன்னிக்கு அந்த மெசினு ஓடிக்கிட்டு இருந்துச்சா?"

"ஓடுச்சு."

"என்னா இருக்கு அதுல?"

"ஒண்ணும் இல்ல. அழிச்சிட்டேன்."

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். நான் நம்பினேன். அதைப் பத்திரமாக வைத்து ஒளித்து ஒளித்துக் கேட்கிற ஆளாக இல்லாமல், உடனே அழித்துவிட்டாரே என்று அவர்மேல் எனக்கு மரியாதைகூட வந்தது.

மெஷினை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் போனவர் வெகுநாள் வரவில்லை. வந்தபோது புதுச் சேலை ஒன்று கொண்டுவந்தார். டைரக்டருக்குப் பூதத்தின் குரல் பிடித்துவிட்டதாம், எழுந்து வந்து தோளைத் தட்டினாராம்.

"எதுல செஞ்சீங்க?"

"எல்லாம் நீ கேட்டதுதான். பன்னி, அந்தத் தகர டின்னு. கலக்குற வெதத்துல கலக்குனேன், அமைஞ்சு போச்சு."

"நான் கேக்கணுமே" என்றேன்.

"இப்ப வேணாம் புள்ள. படத்துக்கும் போகாத. பச்ச ஒடம்பு, பயந்துருவ" என்றார்.

என் உடம்புமேல் இருந்த அக்கறை என்று நினைத்தேன்.

படம் மலாக்காவுக்கு வந்ததும் கம்போங்கே கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. பார்த்தவர்கள் பார்க்காதவர்களைப் பயமுறுத்தினார்கள். காக் வந்து, "உன் புருஷன் செஞ்ச சத்தம், ஊரே கேட்டாச்சு, நீ கேக்காம இருக்கலாமா, வா" என்று மலாயில் சொல்லி இழுத்தார். எனக்கும் ஆசைதான். உடம்பு தேறிவிட்டது, இனி என்ன பயம் என்று மூன்று மணி ஆட்டத்துக்குப் போனோம். காகிதச் சுருளில் கச்சாங் பூத்தே கடலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டோம்.

முதலில் எனக்கு ஒரே பெருமை. திரையில் சேற்றில் கால் பதிந்து எழும்போது காக் காதில், "சாகு மாவு, நான் பிசைஞ்சது" என்றேன். கரையில் உடம்பை இழுத்துக்கொண்டு வந்தபோது, "எங்க வீட்டு அரிசிச் சாக்கு" என்றேன். காக் பயந்துகொண்டே சிரித்தார். முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்துப் பேசாதே என்றார்.

பிறகு பூதம் குட்டையின் நடுவில் நின்று, தலையைத் தூக்கி வாயைத் திறந்தது.

அடியிலிருந்து மெல்ல எழுந்து, ஓரிடத்தில் உடைந்து, மூச்சு வாங்கி, மறுபடியும் எழுந்த குரல். தியேட்டர் முழுக்க அலறியது. குழந்தைகள் அழுதன. நான் அலறவில்லை. எது என்று கண்டுபிடிக்கும் பழக்கத்தில் என் காது தானாகவே வேலை செய்துகொண்டிருந்தது. பன்றி இல்லை. டின் இல்லை. தொண்டை. மனிதத் தொண்டை. பொம்பளை. அந்தக் குரல் இரண்டாம் முறை எழுந்தபோது கடைசியில் ஒரு வார்த்தை இருந்தது. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு தடிப்பாக இழுபட்டுப் போயிருந்ததால் மற்றவர்களுக்கு அது உறுமல் என்று நினைத்தேன். எனக்கு ராசா.

கச்சாங் பூத்தே கொட்டிப் போனதும், இருட்டில் ஆட்களின் முட்டியைத் தள்ளிக்கொண்டு நான் வெளியே வந்ததும் எனக்குச் சரியாகத் தெரியாது. வெயிலில் தியேட்டர் முன்னால் சாக்கடைக் கட்டையில் உட்கார்ந்திருந்தேன். காக் பின்னாலேயே ஓடிவந்தார்.

"காக், அது நான்" என்று மலாயில் சொன்னேன்.

காக் என்ன உளறுகிறாய் என்று கேட்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்குக் கேட்டுச்சு. அன்னைக்கு உன் தோளைப் பிடிச்சிருந்தது நான்தானே. நான்தான் தப்பாக் கேக்குறேன்னு நெனச்சேன்" என்றார்.

அந்த வார்த்தை இல்லாவிட்டால் பிள்ளை போன துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நானே நம்பியிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் வந்தார். நான் சாப்பாடு போட்டேன். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவும்வரை பொறுத்திருந்தேன்.

"படத்துக்குப் போனேன்" என்றேன்.

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "வேணாம்னு சொன்னேனே."

"அழிச்சிட்டேன்னு சொன்னீங்க."

துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, "அழிக்கத்தான் ஒக்காந்தேன். கை வரல. அவன் இந்த வீட்டுல இருந்ததுக்கு வேற என்னா இருக்கு? அதான் வச்சிருந்தேன். யாருக்கும் போட்டுக் காட்டல" என்றார்.

"அப்பறம் ஊருக்கே போட்டுக் காட்டுனீங்க."

"டைரக்டரு வேற ஆள் பாக்குறேன்னுட்டாரு. எதக் குடுத்தாலும் பாவம் இல்ல, பாவம் இல்லைன்னாரு. ஒரு நாளு என்னா நெனச்சேனோ, பாதி வேகத்துல ஓட்டிக் காட்டுனேன். எதுலேருந்து எடுத்தேன்னு சொல்லல. ஒருத்தருக்கும் தெரியாது. சத்தியமா ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியும். அதனாலதான போவாதன்னு சொன்னீங்க?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு வேறொன்று சொன்னார். "அந்த எடத்துல ஜனங்க அழுவுறாங்க புள்ள. நானே பாத்தேன். நம்ம புள்ளைக்கு நாலு பேரு அழுதாங்கன்னு நெனச்சுக்கயேன்."

"அவங்க அழுவுறது பூதத்துக்கு" என்றேன்.

அவரை அந்த நிமிஷத்தில் எனக்கு அடையாளம் தெரியவில்லை என்றுதான் சொல்லவேண்டும். வேலை போய்விடுமோ என்று பயந்து செய்தது எனக்குப் புரிந்தது. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நான் மாட்டேன் என்பேன், அது தெரிந்துதான் கேட்கவில்லை. என் அழுகையை எடுத்துக்கொண்டு போனதோடு, அதை என் காதுக்கு எட்டாமல் வைக்க என் பச்சை உடம்பையே காரணமாகச் சொன்னார். எனக்கு ஆறாமல் நின்றது அதுதான்.

அந்த நாட்களில் தெருப்பிள்ளைகள் பூத விளையாட்டு விளையாடினார்கள். ஒருவன் சாக்கைப் போர்த்திக்கொண்டு துரத்துவான், மற்றவர்கள் ஓடுவார்கள். துரத்துகிறவன் "ராஜாஆ, ராஜாஆ" என்று தொண்டையைக் கட்டி உறுமுவான். அந்த வார்த்தை மலாயிலும் இருக்கிறதல்லவா, படத்தில் அவர்களுக்கு அப்படிக் கேட்டிருக்கிறது. நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். காக் வெளியே வந்து அவர்களை விரட்டுவார். ஏன் விரட்டுகிறார் என்று அவர்களுக்குப் புரிந்திருக்காது.

அந்த டேப்பை எனக்குக் கொண்டுவந்து கொடுங்கள் என்று கேட்டேன். படத்தில் இருப்பதை யாராலும் எடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். மூலமாவது என் கையில் இருக்கட்டும் என்றேன். சரி என்றார். அடுத்தமுறை வந்தபோது தட்டையான அட்டைப் பெட்டி ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"இதான். இத விட்டா வேற இல்ல."

அவர் திரும்பிப் போகும்வரை காத்திருந்தேன். பிறகு கொல்லையில் காய்ந்த மட்டைகளை அடுக்கி, கற்பூரம் வைத்து, அந்தச் சுருளை அதன்மேல் வைத்துக் கொளுத்தினேன். அது சுருண்டு சுருண்டு உருகியது, நாற்றம் தெருவரை போனது. காக் வேலிக்கு அந்தப் பக்கம் கைகூப்பி நின்றார். மறுநாள் கொஞ்சம் சாம்பலை இலையில் மடித்து எடுத்துப்போய், பிள்ளையைப் புதைத்த இடத்தில் தூவிவிட்டு வந்தேன். பாலும் ஊற்றினேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

அதன் பிறகு அவரோடு பேச ஆரம்பித்தேன். ஒரேயடியாக அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக. கொடுத்துவிட்டாரே, திருந்திவிட்டாரே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மெஷினை அவர் மறுபடி வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, நானும் கேட்கவில்லை. சிங்கப்பூரில் தனி அறை பார்க்கலாம், நீயும் வந்துவிடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். போகலாம் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு பாத்திரங்களைக்கூடக் கட்டி வைத்தேன்.

சுதந்திரம் வந்து, கொடியெல்லாம் கட்டி முடிந்து, மறுவருஷம் ஒரு காலை. கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் தியேட்டர் விளம்பர லாரி வந்தது. இரண்டு பக்கமும் படம் வரைந்த தட்டி, மேலே ஒலிபெருக்கி. பூதம் திரும்பி வந்துவிட்டது, இரண்டாவது படம், இந்த வெள்ளிக்கிழமை முதல், என்று ஒருவர் மலாயில் கூவினார். கூவிவிட்டுப் பூதத்தைக் கத்தவிட்டார்.

தகர ஒலிபெருக்கி வழியாக, பட்டப்பகலில், என் வீட்டு வாசலில் நான் கத்தினேன். லாரி மெதுவாகப் போனது. காஜா பேராங் முழுக்கச் சுற்றியது. போன திசையை நான் நின்ற இடத்திலிருந்தே சொல்ல முடிந்தது. படத்தில் கேட்டதைவிட இது நீளம். படத்தில் வைக்காத பகுதியும் இதில் இருந்தது. அதற்கு முன் மருத்துவச்சியின் கிண்டி தரையில் உருளும் சத்தம்கூட இருந்தது. பழைய படத்திலிருந்து எடுத்ததல்ல இது. மூலத்திலிருந்து புதிதாக எடுத்தது.

அந்த வாரம் அவர் வந்தபோது நான் வாசற்படியிலேயே நின்றேன். உள்ளே வரச் சொல்லவில்லை.

"அன்னிக்கு எங்கிட்ட குடுத்தது என்னா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. பையைக் கீழே வைத்தார். "டேப்பு ஸ்டூடியோ சொத்துன்னுட்டாங்க புள்ள. பூட்டி வச்சிட்டாங்க. நான் எப்படி எடுக்குறது? நீ சோறு தண்ணி இல்லாம கெடந்த. உன் மனசு ஆறட்டுமேன்னு..."

"என்னா குடுத்தீங்கன்னு கேட்டேன்."

"புக்கிட் பாரு டேப்பு" என்றார்.

பன்றிகளுக்குத்தான் நான் கற்பூரம் கொளுத்தியிருக்கிறேன். பன்றிகள் கத்தியதைச் சாம்பலாக்கி என் பிள்ளைமேல் தூவிப் பால் ஊற்றியிருக்கிறேன். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அதையும் எங்காவது எடுத்து வைத்துக்கொள்வார் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனமான எண்ணம்தான், ஆனால் அப்படித்தான் தோன்றியது.

"போயிட்டு வாங்க. இனி இந்த வீட்டுக்கு வரவேணாம்" என்றேன்.

"எங்க போகச் சொல்ற?"

"சிங்கப்பூருக்குத்தான்."

அவர் வெகுநேரம் வெளியே நின்றார். காக் தன் வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தார்.

ஜாலான் பெண்டஹாராவில் ஒரு தமிழ் முஸ்லிம் முதலாளியின் ஜவுளிக்கடையில் எனக்கு வேலை கிடைத்தது. அந்தக் காலத்தில் பொம்பளை ஜவுளிக்கடையில் நின்று வியாபாரம் செய்வது அபூர்வம். சேலை எடுக்க வரும் பெண்களுக்கு ஒரு பெண் எடுத்துக் காட்டினால் நல்லது என்று முதலாளி நினைத்தார். நான் அங்கேயே நிலைத்துவிட்டேன். புருஷன் சிங்கப்பூரில் என்று சொன்னால் யாரும் மேலே கேட்பதில்லை, அப்போது எத்தனையோ பேருடைய புருஷன்மார் சிங்கப்பூரில்தான் இருந்தார்கள். பூதப் படம் அதற்குப் பிறகும் வந்தது. விளம்பர லாரி வரும் வாரங்களில் நான் கடையின் உட்பக்கம் துணிக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பேன்.

சில வருஷங்கள் கழித்து ஒரு தீபாவளி வியாபாரத்தில் அவர் கடைக்குள் வந்தார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. கூட்டத்தோடு நின்று தன் முறை வந்ததும், "ஸ்டூடியோ வேலைய விட்டுட்டேன்" என்றார்.

"என்னா எடுத்துக் காட்டணும்?" என்றேன்.

"நானுந்தான் பறிகுடுத்தேன். எனக்கும் அவன் புள்ளதான்."

அது உண்மை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் அழுதது என் காதில் இன்னும் இருந்தது. அதனால் கோபப்படாமல்தான் சொன்னேன். "ஆமாங்க. ஆனா நீங்க அழுதத யாரும் டிக்கெட் வாங்கிக் கேக்கல."

அவர் தலையை ஆட்டினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், பின்னால் இருந்த அம்மாள் இடித்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். அவர் ஒதுங்கி வழிவிட்டு, அப்படியே வெளியே போய்விட்டார்.

முதலாளி மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார். "யாரும்மா அது, ஒண்ணும் எடுக்காமப் போறாரு?"

"என் வீட்டுக்காரரு" என்றேன்.

அந்த அம்மாளுக்குக் கிளிப்பச்சையில் சேலை வேண்டுமாம். ஏணியைப் போட்டு மேல்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.